கறிவேப்பிலையில் நகரும் எச்சம்

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் என்று நினைத்தது நகர்கிறது! இலையெல்லாம் குறைந்துகொண்டே வருகிறது. உரக்கடையில் சொன்னதும் சிறு பாட்டிலில் ஒரு மருந்தை ஊற்றித் தந்தார்கள். ஏழு வயது மகள் "கொல்லாதேம்மா" என்கிறாள். அடிக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அடிக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சிப் புழு. பறவைகளிடமிருந்து தப்பிக்கத்தான் இந்த எச்ச வேஷம். பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற வகை, இல்லையென்றால் எலுமிச்சை அழகி. கொஞ்சம் வளர்ந்ததும் வேஷம் கலைந்து பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி பிளவுபட்ட கொம்பை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். அவ்வளவுதான், கடிக்காது.

சரி, அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். அதில் லேபிள் இருக்கிறதா? இருக்காது. என்ன மருந்து, எவ்வளவு கலப்பது, அடித்து எத்தனை நாள் கழித்து இலையைப் பறிக்கலாம், எதுவும் தெரியாமல் ரசத்தில் போடும் இலைமேல் அடிப்பதா? பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-லேயே வந்துவிட்டது. காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கூடாது என்று 2005-லேயே ஆணையும் போட்டாகிவிட்டது. உரிமம் உண்டு, ஆய்வாளர் உண்டு, ரசீது தர வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனாலும் பாட்டிலில் பிரித்து ஊற்றி விற்கிறார்கள், கேட்பாரில்லை. செடியைக் கண்ணால் பார்க்காமல் மருந்து தருகிறவரை நம்பாதீர்கள். பாட்டிலைச் சாக்கடையில் கொட்டாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தொட்டிச் செடி சின்னது, ஐந்தாறு புழு இருந்தால் மொட்டையாகிவிடும். இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தெருவில் எங்காவது பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால் அதில் விட்டுவிடுங்கள். உங்கள் செடி மறுபடி துளிர்த்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மகளிடம் நான் தொடச் சொல்வது மழமழப்பான இந்தப் புழுவை மட்டுமே. மயிர் உள்ள எதையும் தொடக் கூடாது. மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கும்பலாக அப்பிக்கிடக்குமே, அந்தக் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டாலே தடித்து அரிக்கும். பூச்சியே தேவையில்லை, உதிர்ந்த மயிர் கொடியில் காயும் துணியில் ஒட்டினாலும் போதும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தெடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கைக்குப் பக்கத்தில் துணி காயப்போடாதீர்கள். மயிர் கண்ணுக்குள் போய்விட்டால் நேரே டாக்டர்தான்.

வளர்த்துப் பார்க்க ஆசையென்றால், அகன்ற வாய் ஜாடியில் உங்கள் செடியின் இலையோடு விட்டு, மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். கடை இலை வேண்டாம். அதில் மருந்து இருந்தால் புழு செத்துவிடும். ஒரு குச்சியையும் சாய்த்து வையுங்கள், அதில்தான் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூடு கறுத்து இறக்கை நிறம் தெரிந்தால், அடுத்த நாள் காலையில் மகளைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள்.