துப்பறியும் நாவலைச் சேர்ந்து வாசிக்க முதலில் பதிப்பைச் சரிபாருங்கள்

கேள்வி: நானும் பள்ளித் தோழி ஒருத்தியும் மர்ம நாவல்களைச் சேர்ந்து வாசிக்கிறோம். நான் வெள்ளவத்தை, அவள் கொட்டாஞ்சேனை. நாளுக்கு ஓர் அத்தியாயம், இரவில் வாட்ஸ்அப்பில் கதைப்போம். இந்த முறை என்னிடம் மருதானையில் வாங்கிய பழைய பைண்டிங் பிரதி, அவளிடம் 300 ரூபா கொடுத்து வாங்கிய பி.டி.எப். 14ஆம் அத்தியாயத்தில் வரும் ஒரு கடிதத்தைப் பற்றி அவள் கேட்டாள். என் பிரதியில் அப்படி ஒரு கடிதமே இல்லை. நான் வாசிக்காமல் சமாளிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வாக்குவாதத்தில் கொலையாளி யார் என்பதையும் சொல்லிவிட்டாள். அவள் வேகமாக வாசிப்பவள், நான் மெதுவாக. எங்கள் இருவருக்கும் இது சரிவராதா? இனி ஒரு புத்தகத்தை வாங்கி மற்றவருக்குப் போட்டோகொப்பி எடுத்தால் சட்டப்படி பிழையா?

பதில்: சரிவரும். உங்கள் இருவருக்கும் இடையில் வந்த சண்டைக்கு வாசிப்பு வேகம் காரணம் இல்லை. இருவர் கையிலும் இருந்தது ஒரே புத்தகம் இல்லை, அவ்வளவுதான். நூலக வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சேர்ந்து வாசிப்பவர்கள் மனம் கசந்து பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குடும்ப நாவலில் நாலு பக்கம் குறைந்தால் கதை ஓடிவிடும். துப்பறியும் நாவலில் அந்த நாலு பக்கத்தில்தான் துப்பு இருக்கும்.

உங்கள் பைண்டிங் பிரதியை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தின் அடியில் ‘தொடரும்’ என்று இருக்கிறதா? கதைக்குப் பக்கத்தில் துணுக்கோ, சோப்பு விளம்பரத்தில் பாதியோ ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? பக்க எண்கள் 42, 43 என்று போய் திடீரென்று 18 என்று வருகிறதா? அப்படியென்றால் அது புத்தகமே இல்லை. வார இதழில் வந்த தொடர்கதையை யாரோ ஒருவர் கிழமைக்குக் கிழமை வெட்டிச் சேர்த்து, கடைசியில் தைத்து அட்டை போட்டது. எங்கள் வீடுகளில் ஒரு தலைமுறை இப்படித்தான் நாவல் சேர்த்தது, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இதழ்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. ஒரு கிழமை கடைக்கு வராமல் போயிருக்கும், அல்லது அடுத்த வீட்டுக்காரர் இரவல் வாங்கித் திருப்பித் தந்திருக்க மாட்டார். அந்தக் கிழமையில் வந்த கடிதம் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. தொடராக வந்தபோது 40 பகுதிகளாக இருந்த கதை, நூலாகும்போது 25 அத்தியாயங்களாகச் சுருங்குவதும் உண்டு. எழுத்தாளரே சில இடங்களை வெட்டுவார், சிலதைச் சேர்ப்பார். ஆகவே இனி அத்தியாய எண்ணை நம்பி நிறுத்த வேண்டாம். எந்த வாக்கியத்தோடு நிறுத்துவது என்று பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

‘தொடரும்’ எதுவும் இல்லாமல் நூலாகவே வந்த பழைய பிரதி என்றால் வேறு சோதனை இருக்கிறது. அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அடித்து மடித்துத் தைப்பார்கள். அந்த மடிப்புக்குப் பாரம் என்று பெயர். நாவல்களில் ஒரு பாரம் பெரும்பாலும் 16 பக்கம், சில சமயம் 8. தைக்கும்போது ஒரு பாரம் விடுபட்டால் 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வரும். ஒரே பாரம் இரண்டு முறை தைக்கப்பட்டால் 112க்குப் பிறகு மறுபடி 97 வரும். கடையில் நின்றபடியே 16, 32, 48, 64 என்று புரட்டி அடுத்த எண் சரியா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. கடைசிப் பக்கத்தையும் பாருங்கள், ஆனால் வாசிக்காமல். பழைய புத்தகத்தில் முதலில் கழன்று போவது வெளிப்பக்கத் தாள்கள். மர்ம நாவலில் அந்தக் கடைசித் தாள்களுக்காகத்தான் காசு கொடுக்கிறோம். இரவல் வாங்கிய யாராவது ஓரத்தில் பென்சிலால் ‘இவன்தான்’ என்று எழுதிவைத்திருப்பதும் நடக்கிறது. அதைக் கடைக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் தோழியின் 300 ரூபா பி.டி.எப். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘எந்தத் தமிழ் நாவலும் கிடைக்கும்’ என்று விற்பவர்களில் எத்தனை பேர் அந்த நாவலை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார்கள்? இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் கள்ளப் பிரதியை எடுத்து, பெயர் மாற்றி, உங்களிடம் காசு வாங்குகிறார்கள். எழுத்தாளருக்கு ஒரு சதம்கூடப் போவதில்லை. கோணலாக ஸ்கேன் செய்ததில் ஓர வரிகள் வெட்டுப்பட்டிருக்கும், இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்திருக்கும், முடிவு இருக்காது. கேட்டால் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள். இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அனுப்பிய கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது புத்தகம் இல்லை, உங்கள் போனுக்குள் இறங்கப் பார்க்கும் ஒரு செயலி. தொடவே வேண்டாம். வங்கிக் குறுஞ்செய்திகள் வரும் அதே போனில்தான் நீங்கள் நாவலும் வாசிக்கிறீர்கள்.

இன்னொரு வகை ஆட்கள், சென்னையிலிருந்து எடுத்துத் தருகிறோம் என்று முழுப் பணத்தையும் முன்னால் வாங்குபவர்கள். நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிரதி இந்த மாதம், மற்றது மூன்று மாதம் கழித்து, அதுவும் வேறு பதிப்பகத்தின் அச்சு என்று வந்தால் உங்களுக்கு என்ன பயன்? பாதிக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள். வாங்குமுன் தலைப்புப் பக்கத்தின் பின்னால் பதிப்பு, ஆண்டு, பக்க எண்ணிக்கை அச்சிட்டிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. இரண்டு பிரதிகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் எடுத்தால் பிரச்சினை முடிந்தது. அவசரம் இல்லையென்றால் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வரை பொறுங்கள்.

நூலகத்தில் எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எடுக்கலாம். கொழும்பு 7 இல் பொது நூலகம் இருக்கிறது, உங்களுக்கு நடக்கும் தூரத்தில் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. ஆனால் ஒரு நாவலுக்கு இரண்டு பிரதிகள் வாங்கும் வழக்கம் எங்கள் நூலகங்களில் குறைவு. அதிலும் துப்பறியும் நாவல் என்றால் பொழுதுபோக்கு என்று பட்டியலிலிருந்து அடித்துவிடும் கொள்வனவுக் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். வாதாடியும் பார்த்தேன். இலவசமாக வந்த, யாரும் தொடாத தடித்த விழா மலர்கள் அலுமாரி நிறைய நிற்கும். ஆட்கள் கேட்டு வரும் நாவலுக்கு மட்டும் காசு இருக்காது. இப்படிப் புத்தகம் எட்டாமல் வைத்துவிட்டு, வாசிப்புக் குறைந்துவிட்டது என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு இது பொறுக்க முடியாத விஷயம். நீங்கள் செய்யக்கூடியது, இருவரும் தனித்தனியாக அங்கத்துவம் எடுத்து, அதே நாவலை எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு பேர் எழுதிக் கேட்டால் அதை ஒதுக்கிவிடுவது கஷ்டம்.

போட்டோகொப்பி விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க அது இடம் தருகிறது. ஆனால் ஒரு புத்தகத்தை முழுதாகவோ அதன் பெரும்பகுதியையோ கொப்பி எடுக்க அந்தச் சலுகை செல்லாது. ஆகவே தோழிக்காக முழு நாவலையும் கொப்பி எடுப்பது பிழை. புத்தகத்தையே இரவல் கொடுப்பது பிழை இல்லை.

இதற்கு விதிவிலக்கு, பதிப்புரிமைக் காலம் முடிந்த நாவல்கள். இதில் பலர் வழுக்கி விழுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் எழுத்தாளரின் ஆயுளும், அவர் இறந்த பிறகு 70 ஆண்டும் உரிமை நீடிக்கும். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் 1930 இல் காலமானார். அவருடைய ஆங்கில மூலத்தை நீங்கள் தயக்கமில்லாமல் தரவிறக்கலாம், கொப்பி எடுக்கலாம். தமிழில் துப்பறியும் நாவலுக்குக் கூட்டம் சேர்த்தவர்களில் ஒருவரான வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942 இல் மறைந்தார், அவர் கதைகளுக்கும் அப்படியே. அகதா கிறிஸ்டி இறந்தது 1976 இல். பழைய எழுத்தாளர்தானே என்று நினைத்துவிடாதீர்கள், 2046 முடியும்வரை உரிமை இருக்கிறது. சுஜாதா 2008 இல் மறைந்தவர், அவர் நாவல்களை யாராவது ‘உரிமை முடிந்தது’ என்று விற்றால் அது பொய்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. ஹோம்ஸ் கதையின் ஆங்கில மூலம் எல்லோருக்கும் சொந்தம், சரி. ஆனால் 1990களில் ஒருவர் அதைத் தமிழில் பெயர்த்திருந்தால் அந்தத் தமிழ் அவருடையது. அவர் இறந்து 70 ஆண்டு ஆகும்வரை அந்த மொழிபெயர்ப்பை முழுதாகக் கொப்பி எடுக்க முடியாது. ஒரே கதைக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் ஒன்று விடுதலையாகியிருக்கலாம், மற்றது ஆகாமல் இருக்கலாம். கதையைப் பார்க்காமல், உங்கள் கையில் இருக்கும் தமிழை எழுதியவர் யார் என்று பாருங்கள். இந்தியத் தளம் ஒன்றில் ‘உரிமை முடிந்த நூல்’ என்று போட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இறப்புக்குப் பின் 60 ஆண்டு, இங்கே 70. 1960 இல் இறந்த எழுத்தாளருக்கு அங்கே 2020 முடிவோடு காலம் முடிந்தது. இங்கே உள்ள கணக்குப்படி 2030 முடிய வேண்டும்.

பிரதி சரியானால் மீதி இலகு. துப்பறியும் நாவலைச் சிறிய துண்டுகளாக வாசியுங்கள், ஏனென்றால் அதில் சுவை இடையில் யோசிப்பதில் இருக்கிறது. புதுச் சாட்சி ஒருவர் வாயைத் திறந்து முடித்த இடம், இரண்டாவது பிணம் விழுந்த இடம், இப்படி நிறுத்துங்கள். திரில்லர் வேறு. அதில் பெரும்பாலும் வில்லன் யார் என்று முன்பே தெரிந்திருக்கும், தப்புவார்களா என்பதுதான் கேள்வி. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று அதை அறுத்தால் செத்துவிடும். சனி, ஞாயிறில் பாதிப் பாதியாக முடித்துவிடுங்கள்.

வேகமாக வாசிக்கும் தோழியைக் கட்டிப்போட வேண்டாம். அன்றைய பகுதியை முடித்துவிட்டால் அதையே மறுபடி வாசித்து, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்ததாகச் சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வாசிப்பில்தான் முரண்பாடு தெரியும், அந்தக் குறிப்பு உங்களுக்கும் உதவும். அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் பக்க எண்ணைப் போடுங்கள். சந்தேகப்படும் ஆளின் பெயரை முதலில் எழுதிவிட்டால் போன் பூட்டியிருக்கும்போதே திரையில் தெரிந்துவிடும். துப்பறிபவர் எல்லோரையும் ஒரு அறைக்குள் கூட்டும் காட்சி வந்தால் அங்கே கட்டாயம் நில்லுங்கள். இருவரும் சந்தேகப்படும் பெயரையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். அதற்குப் பிறகு உள்ளதை ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் வாசியுங்கள். முன்னுரையைக் கடைசிக்கு வையுங்கள். மறுபதிப்புகளில் பிரமுகர்களிடம் வாங்கிப் போடும் அணிந்துரைகள் முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றன, பதிப்பாசிரியர் யாரும் தடுப்பதாகத் தெரியவில்லை.

பாதியில் நிற்கும் நாவலை இப்போதைக்கு மூடி வையுங்கள். முழுப் பிரதி கிடைத்தால், கொலையாளி தெரிந்த நிலையில், எழுத்தாளர் எங்கெங்கே துப்பை ஒளித்தார் என்று தேடி இருவரும் வாசிக்கலாம். அடுத்ததாக நாவல் வேண்டாம், ஹோம்ஸ் சிறுகதை ஒன்றை எடுங்கள். மூலம் இலவசம், இருவர் கையிலும் ஒரே பாடம் இருக்கும், ஒரே இரவில் முடியும். ஹோம்ஸ் விளக்கத் தொடங்கும் பந்திக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தோழிக்குப் போன் எடுங்கள்.