மெஜிக் கார்ட் விளையாட்டில் ட்ரிகர் ஆன கார்டை உடனே அழித்தால் ட்ரிகர் நின்றுவிடுமா?

கேட்டவரின் கேள்வி இதுதான்: எதிராளி ஒரு கார்டை இறக்குகிறார், அது ட்ரிகர் ஆகிறது (அதாவது கார்டில் எழுதியிருக்கிற வேலை தானாகத் தொடங்குகிறது), அந்த நொடியே நான் அந்தக் கார்டை அழித்தால் ட்ரிகரும் சேர்ந்து போய்விடுமா? நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம்.

போகாது. சில வேளை, அழித்ததாலேயே நிலைமை இன்னும் கெட்டுப்போகும். அது எனக்கு நடந்திருக்கிறது. அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் ஜட்ஜ் இல்லை. மெஜிக் த கேதரிங் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். போக்கிமோன், யூ-கி-ஓ விளையாடுகிறவர்கள் வந்து 'எங்கட விதி வேற' என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

தம்பி, நீங்களும் என்னைப் போலத்தான் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்ட், யாரோ அரைகுறையாகச் சொல்லித்தந்த விதி. எனக்குப் பெரியம்மாவின் மகன், டொரன்டோவில் இருக்கிற அண்ணா, 2010இல் கொழும்புக்கு வந்தபோது சூட்கேசில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு பேன்ஸ்லேயர் ஏஞ்சல். ஐந்துக்கு ஐந்து (அடியும் ஐந்து, தாங்குவதும் ஐந்து), பறக்கும், அடிக்கிற அடிக்கெல்லாம் உங்களுக்கு உயிர் கூட்டித்தரும். 'இத வித்துப்போடாத' என்று சொல்லித்தான் தந்தார்.

2012இல் நான் ஏஎல் படிக்கிற காலம். பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடி அறையில் ஒரு சின்னப் போட்டி. கடைசிச் சுற்று, ஆளுக்கொரு ஆட்டம் வென்று மூன்றாவது ஆட்டம். வெளியே மழை, உள்ளே புழுக்கம், கார்ட் உறைகள் விரலில் ஒட்டுகின்றன. மேசையில் என்னுடைய ஏஞ்சல் நிற்கிறது. இன்னும் இரண்டு அடி அடித்தால் வெற்றி எனக்கு.

எதிரில் இருந்த அண்ணா ஒப்ளிவியன் ரிங்கை இறக்கினார். அது இறங்கியதும் ட்ரிகர்: வேறொரு கார்டைத் தேர்ந்து ஆட்டத்துக்கு வெளியே அனுப்பும். அவர் விரல் நேரே ஏஞ்சல் மேல். என் கையில் டிஸ்என்சன்ட் இருந்தது, ஒரு என்சன்ட்மென்டை, அதாவது ரிங் போலக் களத்தில் நிலைத்து நிற்கிற மந்திரக் கார்டை, அழிக்கிற கார்ட். 'பொறுங்கோ!' என்று கத்தி, செலவுக்கு இரண்டு பிளேன்ஸ் நிலக் கார்டுகளைச் சரித்து, டிஸ்என்சன்ட்டை ரிங்கின் மேல் போட்டேன். ரிங் போனால் ஏஞ்சல் தப்பும் என்று நினைத்தேன். ரிங் போனது. ஏஞ்சலும் போனது. திரும்பி வரவே இல்லை.

ஏன் அப்படி? ஒப்ளிவியன் ரிங்கில் தனித்தனியாக இரண்டு ட்ரிகர். இறங்கும்போது ஒன்று: வெளியே அனுப்பு. ரிங் களத்தை விட்டுப் போகும்போது மற்றது: அனுப்பியதைத் திருப்பிக் கொடு. ட்ரிகர்கள் தங்கள் முறை வரும்வரை போய் இருக்கிற இடம் ஸ்டாக். ரீச்சரின் மேசையில் கொப்பி அடுக்குகிறோமே, கடைசியாக வைத்த கொப்பிதான் முதலில் திருத்தப்படும், அதே கணக்கு. நான் அவசரப்பட்டு ரிங்கை அழித்ததால் 'திருப்பிக் கொடு' மேலே போய் உட்கார்ந்தது. அதுதான் முதலில் நடந்தது. அப்போது வெளியே ஒன்றுமே இல்லை, எதைத் திருப்புவது? அதன்பிறகுதான் அடியில் கிடந்த 'வெளியே அனுப்பு' நடந்தது. ரிங் செத்துவிட்டது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தபாலில் கடிதம் போட்டவர் இறந்துபோனாலும் கடிதம் வீடு வந்து சேரும்தானே.

நான் செய்திருக்க வேண்டியது, சும்மா இருப்பது. ஏஞ்சல் போகட்டும் என்று விட்டு, அதன்பிறகு ரிங்கை அழித்திருந்தால் ஏஞ்சல் திரும்பியிருக்கும். அந்த வாய்ப்பு வராமலே போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. இரண்டு பேரும் அடுத்தடுத்து 'பாஸ்' சொல்லாமல் எதிராளி மெயின் ஃபேஸை, அதாவது கார்ட் இறக்குகிற கட்டத்தை, தாண்ட முடியாது.

இங்கே ஒரு குழப்பம். 2014இல் வந்த பேனிஷிங் லைட் பார்வைக்கு இதே வேலைதான் செய்யும், ஆனால் வசனம் வேறு: 'இது களத்தை விட்டுப் போகும்வரை' என்று ஒரே ட்ரிகர். அதை ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போதே அழித்தால், ட்ரிகர் அப்போதும் நிற்காது, ஆனால் உங்கள் கார்ட் அசையாது. உங்கள் நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஏதோ ஒரு கார்டில் சரியாக நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

'ஸ்டைஃபிள் இருக்கே' என்று சிலர் கீழே எழுதுவீர்கள். தெரியும். அந்தக் கார்ட் ட்ரிகரையே நேரடியாக ரத்துச் செய்யும். கேள்வி அது இல்லை, கார்டை அழிப்பது பற்றியது. அழிக்காமல் காப்பாற்றவும் வழி உண்டு: ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போது ஏஞ்சலைக் கைக்கே திருப்பி எடுங்கள், அல்லது குறிவைக்க முடியாதபடி ஆக்குங்கள். குறி தவறிப்போனால் ட்ரிகர் ஒன்றும் செய்யாமல் போய்விடும்.

அன்று தோற்றதை விட எனக்கு வலித்தது வேறு. ஏன் இப்படி என்று கேட்டேன். போட்டியை நடத்தியவர் கார்டைக் கையில் எடுத்து இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தார். பக்கத்தில் நின்ற ஒருவன் 'ரீட் த கார்ட்' என்று சிரித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, 'ஓகே ஓகே' என்று சொல்லிவிட்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மூன்று நாள் கழித்து டொரன்டோ அண்ணா ஸ்கைப்பில் தமிழில் சொன்னபோது பத்து நிமிடத்தில் விளங்கியது. இந்தக் கார்ட் ஜப்பான், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி மொழிகளில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. தமிழில் இல்லை. அது எங்கள் பிழையா? இங்கிலீஷ் வேகமாக ஓடாதவன் மூளையில்லாதவனா?

வீட்டிலும் இதே பாடுதான். வேலைக்குப் போகிற வயதில் படம் போட்ட கார்ட் வைத்திருக்கிறானாம். சொல்கிற மாமாமார் செத்தவீட்டில் விடியவிடிய இருந்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். துரும்பை எப்போது திறப்பது என்று அவர்கள் போடுகிற கணக்கும் நான் போடுகிற கணக்கும் ஒன்றுதான். அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நாலைந்து பெடியள் வருவார்கள். ட்ரிகர் ஒன்று வந்ததும் அந்தக் கார்டின் மேல் ஒரு 10 ரூபாய்க் குற்றியை வைக்கச் சொல்வேன். குற்றி இருக்கும்வரை ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கிறது, கார்ட் செத்தாலும் குற்றி மேசையில்தான் இருக்கும். நடந்து முடிந்ததும் குற்றியை எடு. கையில் டிஸ்என்சன்ட் வைத்திருக்கிறவன், குற்றி இருக்கும்போது போடுவதா எடுத்தபிறகு போடுவதா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

உங்கள் ஆட்டத்தில் எந்தக் கார்டால் சண்டை வந்தது என்று கீழே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அதன் வசனத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.