பொறியியலிலிருந்து வளிமண்டலத்துக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையால் ஏறிய நாள்முதல் அவளுடைய நாட்டம் வளிமண்டல ஆய்வில்தான். உறவினரோ பொறியியலுக்குத்தான் போகவேண்டும் என்கின்றனர். பொறியியல் படித்தவர் காலநிலை விஞ்ஞானி ஆகமுடியுமா?
- ஒரு தந்தை, உப்புவெளி, திருகோணமலை

பதில்: முடியும். அப்படி ஆனவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். வீரபத்திரன் இராமநாதன் 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, செக்கந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வது அங்கு அவருடைய வேலை. பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் படிப்பை முடித்து, பொறியியல் ஆய்வையே எண்ணி நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே வழிகாட்டியாக வாய்த்த ரொபேர்ட் செஸ், வெள்ளி, செவ்வாய் ஆகிய கோள்களின் வளிமண்டலங்களை ஆராயத் தொடங்கியிருந்தார். மாணவரும் அவ்வழியே போனார். 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டே, குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் பூமியை வெப்பமாக்கும் என்று காட்டினார். கசிவு பார்த்த தொழிற்சாலை நாள்கள் வீண்போகவில்லை.

இவருடைய பணிகளில் நான் மிகவும் மதிப்பது இதைவிட 1980இல் ரொலண்ட் மடனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையைத்தான். இயற்கையான ஏற்றத்தாழ்வுகளிலிருந்து பிரித்தறியக்கூடிய அளவுக்குப் புவி வெப்பமாதல் 2000ஆம் ஆண்டளவில் தெரியவேண்டும் என்று அதில் கணித்திருந்தனர். தாம் சொன்னது பொய்த்தால் எல்லோரும் அறியும்படி ஆண்டைக் குறித்துவிட்டுக் காத்திருக்க எல்லா ஆய்வாளருக்கும் துணிவு வராது. கணிப்பு பொய்க்கவில்லை: ஐ.நா. சார்ந்த காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2001இல் வெளியிட்ட அறிக்கை, முந்திய 50 ஆண்டு வெப்பமாதலின் பெரும்பகுதிக்குப் பச்சைவீட்டு வாயுக்களே காரணமாயிருக்கலாம் என்று கூறியது.

ஆகவே உறவினருடன் இப்போதே மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் மகளுக்கு நன்றாகக் கைவந்தால், பொறியியல் பீடத்தினூடாகவும் போகலாம், விஞ்ஞான பீடத்தினூடாகவும் போகலாம். எனக்கு இரண்டாவதே நேர்வழியாகத் தோன்றுகிறது.

கேள்வி: காற்றில் இம்மியளவே இருக்கும் ஒரு வாயு உலகை எப்படிச் சூடாக்கும்?
- ஒரு மாணவி, திருகோணமலை நகர்

பதில்: பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகிறது. காபனீரொட்சைட்டு அவற்றில் ஏறத்தாழ 15 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தையொட்டியவற்றை உறிஞ்சுகிறது. நீராவி வேறு பல அலைநீளங்களை உறிஞ்சுகிறது. 8 முதல் 12 மைக்கிரோமீற்றர் வரையிலான பகுதியில் மட்டும் வெப்பம் பெரும்பாலும் தடையின்றி விண்வெளிக்குப் போய்விடும். குளோரோபுளோரோகாபன்கள் உறிஞ்சுவது சரியாக இந்தப் பகுதியில்தான். ஏற்கெனவே தடித்த கிடுகுக் கூரையில் இன்னும் ஒரு கிடுகை வைத்தால் பெரிய வேறுபாடு இராது. திறந்து கிடந்த இடத்தில் வைத்தாலோ சிறு துண்டும் மறைக்கும். இதனாலேயே அவ்வாயுவின் ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டின் 10,000 மூலக்கூறுகளுக்கு மேலான விளைவைத் தருகிறது. 1987இன் மொன்றியல் உடன்படிக்கை ஓசோனைக் காக்க எழுந்ததாயினும், இவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தியதால் காலநிலைக்கும் பெரும் நன்மை செய்தது.

கேள்வி: வாடைக்காற்று வீசும் தை, மாசி மாதங்களில் கடல்மேல் புகைமூட்டம் தெரிகிறதே, அது என்ன?
- ஒரு மீனவர், நிலாவெளி

பதில்: நீங்கள் காண்பதில் வெறும் கடல் ஈரப்பதமும் இருக்கலாம். ஆனால் அந்தப் பருவத்துக் காற்று தெற்காசியாவின் மாசை இந்து சமுத்திரத்தின்மேல் கொண்டுவருவது மெய். இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் தலைமையேற்ற இந்து சமுத்திரப் பரிசோதனை, 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு விமானம், கப்பல், செய்மதி ஆகியவற்றால் இதை அளந்தது. கரியும் சல்பேற்றும் கலந்த கபிலநிற மூட்டம் கடற்பரப்பை அடையும் வெயிலைக் குறைத்தது. அதிலுள்ள கரி வெயிலை உறிஞ்சி மூட்டத்தையே சூடாக்கியது. 2006இல் ஆளில்லாச் சிறு விமானங்களை மூட்டத்துக்கு மேலும் உள்ளும் கீழுமாக ஒரே நேரத்தில் பறக்கவிட்டு, அந்தச் சூடு எவ்வளவு என்பதையும் இராமநாதனின் குழுவினர் கணக்கிட்டனர்.

காபனீரொட்சைட்டு நூற்றாண்டுகள் தங்கும். கரித்துகளோ சில நாள்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில், மழையோடு இறங்கிவிடும். ஆகவே அதன் ஊற்றுவாயை அடைத்தால் பலன் விரைவில் தெரியும் என்று கண்ட இராமநாதன், பிற்காலத்தில் வட இந்தியக் கிராமங்களில் விறகடுப்புக்குப் பதிலாகப் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துப் பார்க்கும் 'சூரியா' திட்டத்தில் இறங்கினார்.