உறுமுகிறது, ஆனால் ஓடவில்லை

கேள்வி: டேபிள் ரம்பத்தின் சிங்கிள் பேஸ் மோட்டார். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டால் ஓடிவிடுகிறது. காயில் போயிற்று, புது மோட்டார்தான் வழி என்கிறார் மெக்கானிக்.

பதில்: முதலில் கையை எடுங்கள். மோட்டார் கடையில் கிடைக்கும், விரல் கிடைக்காது. தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் ஓட்டுகிற காயில் உயிரோடு இருக்கிறது. படுத்திருப்பது ஸ்டார்ட்டிங் பக்கம். ஸ்டார்ட் ஆக முதல் உதை கொடுக்கிற கப்பாசிட்டர் வீங்கியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடக் கூடாது. மாற்றினால் பழையதில் அச்சடித்துள்ள அதே மைக்ரோஃபாரட் (கப்பாசிட்டரின் அளவு) வேண்டும். வோல்ட் மட்டும் கூடுதலாக இருக்கலாம். கப்பாசிட்டர் சரியாக இருந்தால் பின்மூடியைக் கழற்றி, மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்கிற சென்ட்ரிபியூகல் சுவிட்சைப் பாருங்கள். மர வேலை மோட்டார்களில் அதன் இரண்டு பாயின்ட்டுக்கும் நடுவே மரத்தூள் அடை மாதிரி அப்பி, ஒட்ட விடாமல் கிடக்கும். மீட்டர் வைக்காமலே தீர்ப்பு சொன்ன மெக்கானிக்கிடம் மறுபடி போகாதீர்கள்.

கேள்வி: புது த்ரீ பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: மெயினை அணைத்துவிட்டு, மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: 3 எச்.பி. என்று சொல்லி விற்ற ரம்பம், கொஞ்சம் தடிமனான மரத்தைக் கொடுத்தாலே திணறுகிறது. இப்போது காயில் வார்னிஷ் கருகும் வாடை வேறு. நேம் பிளேட்டில் 230 வோல்ட், 7 ஆம்பியர் என்று இருக்கிறது. நான் தவறாக ஓட்டினேன் என்கிறார்கள்.

பதில்: தவறு உங்களுடையது இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதை அவர்கள் ஒட்டிய தகடே சொல்கிறது. 230-ஐ 7-ஆல் பெருக்கினால் 1610. மோட்டாருக்குள் போவதே அதற்கு மேல் இல்லை. ஒரு எச்.பி. என்பது 746 வாட். மூன்றுக்கு 2238 வேண்டும். உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? சூடாகவும் மற்ற வழியிலும் போகிறதைக் கழித்தால் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை எச்.பி. தேறும். இந்த வியாபாரிகள் ‘பீக்’ எச்.பி. என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: மூச்சு முட்டி நிற்கப்போகும் மோட்டார் ஒரு கணம் இழுக்கிற இழுப்பு. அதையா வைத்து மரம் அறுப்பது? தகட்டில் ‘எஸ்6 40%’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் லோடு, மீதி ஆறு நிமிடம் சும்மா சுற்ற வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அதைக் கடையில் எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எச்.பி.யை ஸ்டிக்கரில் படிக்காதீர்கள், ஆம்பியரைத் தகட்டில் படியுங்கள் என்று எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. தகடு, விளம்பரம், பில் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை மெஷினை ஓட்டாதீர்கள். ஓட்டினால் கருகினதற்கும் நீங்களே காரணம் என்பார்கள்.

கேள்வி: எரிந்துபோன ரம்ப மோட்டார் 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அதே எச்.பி.யில் 2880 கிடைத்தது, வாங்கிவிட்டேன். பழைய புல்லியையே மாட்டலாமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் எழுதக் கூடாதா? மாட்டினால் ரம்பத் தட்டு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். தட்டின் மேலேயே உச்ச வேகம் அச்சடித்திருக்கும், படியுங்கள். மோட்டார் புல்லியைப் பாதி அளவுக்குச் சின்னதாக்கினால் கணக்கு சரியாகும், ஆனால் அத்தனை சின்னப் புல்லியில் பெல்ட் வழுக்கும். திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய இழைப்பு மெஷின், மோட்டார் காயில் எரிந்தே விட்டது. காயில் கட்டுவதா, வேறு வாங்குவதா?

பதில்: மெஷினோடு சேர்த்து வார்த்த மாதிரி தனி ஷாஃப்ட், தனி ஃபிளாஞ்ச் (மெஷினோடு போல்ட் போடும் விளிம்பு) இருந்தால் கட்டுங்கள், வேறு பொருந்தாது. செம்புக் கம்பி, பழைய கேஜ் (கம்பியின் தடிமன்), பழைய சுற்று எண்ணிக்கை என்று எழுதி வாங்குங்கள். திறந்த கையோடு பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். சாதாரணமாக அடியில் கால் வைத்த மோட்டார் என்றால், கூலி புதுசின் பாதி விலையைத் தாண்டும்போது நான் புதுசுதான் வாங்குவேன்.

பழசு வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பளபளவென்று பெயின்ட் அடித்த ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஷாஃப்ட் 24 மில்லிமீட்டர், என் புல்லியின் துளை 19. புல்லியைக் கடைசலுக்குக் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி மாட்டினால், ஒரே வாரத்தில் புகை. பிரித்து, செம்பு நிறத்தில் மின்னிய கம்பியைப் பிளேடால் கீறினேன். உள்ளே வெள்ளை. அலுமினியம்.

கேள்வி: லோடு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு பட்டன் அடிக்கடி துள்ளுகிறது. அதை நீக்கிவிட்டு நேராக இணைத்துவிடலாமா?

பதில்: கூடாது. லோடு ஏன் மிஞ்சுகிறது என்று பாருங்கள். ரம்பத்தின் பல்லைத் தீட்டுங்கள். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.