அவர் ஏன் அந்த அறையை விட்டுப் போகவில்லை? ஒற்றை அறைக் குறும்படங்கள்: கேள்வி பதில்

ஒரே அறைக்குள் முடியும் குறும்படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் படத்தொகுப்பாளன். திரைக்கதை, நடிப்பு, வெட்டு, ஒலி பற்றி உறுதியாகப் பேசுவேன். கேமரா வாங்குவதும் படவிழாவுக்கு அனுப்புவதும் எனக்குத் தெரிந்த துறை அல்ல.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): ஒரே அறையில் நடக்கும் 12 நிமிடக் கதை எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும் அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள். பதற்றத்தை எப்படிக் கொண்டுவருவது?

உங்கள் கதையிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த ஆள் ஏன் எழுந்து வெளியே போகவில்லை? இதற்குப் பதில் இல்லையென்றால் அறை வெறும் சிக்கனம்தான். செலவைக் குறைக்க ஓர் அறையைப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவே.

ஸ்பானிய இயக்குநர் ரோட்ரிகோ சொரோகோயென் எடுத்த 'மாத்ரே' (2017) குறும்படத்தைப் பாருங்கள். ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குள் வருகிறார்கள். தொலைபேசி ஒலிக்கிறது. ஆறு வயது மகன். அப்பாவோடு பிரான்சுக்குப் போனவன், இப்போது ஏதோ ஒரு கடற்கரையில் தனியாக நிற்கிறான். அப்பாவைக் காணோம். எந்தக் கடற்கரை என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கைபேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருக்கிறது. அவளால் வீட்டை விட்டு ஓட முடியும். ஆனால் எங்கே ஓடுவது? கதவு திறந்திருந்தும் அவள் அடைபட்டிருக்கிறாள்.

கேமரா ஒருமுறைகூட அந்தச் சிறுவனிடம் போவதில்லை. அவளுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும், ஒரு சொல் கூடுதலாக இல்லை. அதனால்தான் நாம் அவள் பக்கத்தில் நிற்கிறோம். சிறுவன் பயந்துவிடக் கூடாது என்று அவள் குரலை அடக்கப் பாடுபடுகிறாள். நம் பதற்றமும் பரிவும் அந்த அடக்கத்திலிருந்துதான் வருகின்றன. அலுப்பு என்று சொன்னவர்களிடம், எந்தப் பக்கத்தில் அலுத்தது என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் பாத்திரத்துக்கு அவசரமாக எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி (மதுரை): ஐயா, இதற்கு எந்தக் கேமரா நல்லது?

ஓர் ஒளிப்பதிவாளரிடம் கேளுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், ஈரோடு): பாத்திரத்தின் மீது இரக்கம் வரவேண்டும் என்பதற்காக அவருடைய சிறுவயதுத் துயரத்தை இரண்டு நிமிட பிளாஷ்பேக்காக வைத்திருக்கிறேன். சரியா?

வேண்டாம். வெளியே போனீர்கள் என்றால் அறையின் பிடி விட்டுவிடும். திரும்பி வரும்போது பார்வையாளர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்.

இரக்கத்தை அறைக்குள்ளேயே கொண்டுவரலாம். நான் வெட்டிய ஒரு படத்தைச் சொல்கிறேன். மருத்துவமனை அறை. படுக்கையில் மகன், பக்கத்து ஸ்டூலில் அப்பா. இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா ஒரு சாத்துக்குடியை உரிக்கிறார். சுளை சுளையாகப் பிரித்து, கொட்டையை நகத்தால் நெம்பி எடுத்து, எவர்சில்வர் தட்டில் அடுக்குகிறார். மகன் தொடவில்லை. அப்பா அடுத்த பழத்தை எடுக்கிறார். திரைக்கதையில் அதன்பின் அவர் உடைந்து அழும் காட்சி இருந்தது. நடிகரும் உண்மையாகவே அழுதிருந்தார். ஆனால் தொகுப்பு மேசையில் பார்த்தபோது, அவர் அழத் தொடங்கிய நொடியில் எங்கள் தொண்டையில் நின்றிருந்தது கரைந்துவிட்டது. எங்கள் அழுகையையும் அவரே அழுது முடித்துவிட்டார். அந்த ஷாட்டை முழுவதும் எடுத்துவிட்டோம். தட்டில் முதலில் வைத்த சுளைகள் காய்ந்து தோல் சுருங்கியிருந்த ஒரு க்ளோஸ்-அப்பை அங்கே வைத்தோம். எவ்வளவு நேரமாக அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்தச் சுளை சொல்லிவிட்டது.

பாத்திரத்தை அழ விடாதீர்கள். அழுகை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வெளியே வரக் கூடாது.

கேள்வி (சேலம்): எங்களுக்குக் கிடைத்த அறை பத்துக்குப் பத்து. நாலு கோணம் வைத்தால் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

நாலு கோணத்தையும் முதல் நிமிடத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். சிட்னி லூமெட்டின் '12 ஆங்கிரி மென்' (1957) ஏறக்குறைய முழுவதும் ஒரு ஜூரி அறையில் நடக்கிறது. முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்த பங்கைக் கண்மட்டத்திலும், கடைசிப் பங்கைக் கீழிருந்தும் எடுத்ததாக லூமெட்டே எழுதியிருக்கிறார். படம் போகப் போக லென்ஸின் குவியத் தூரமும் கூடுகிறது. பின்சுவர் முகங்களை நெருக்கிக்கொண்டு வருகிறது, கடைசியில் கூரையும் தெரிகிறது. அறை அதேதான், ஆனால் சிறுத்துவிட்டது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, மூச்சு மட்டும் முட்டும்.

அந்த அறையின் மின்விசிறியையும் கவனியுங்கள். முதலில் ஓடுவதில்லை, எல்லோருக்கும் வேர்க்கிறது. பிறகு விளக்கைப் போடும்போதுதான் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். பத்துக்குப் பத்து அறையில்கூட இப்படி ஒரு பொருள் கிடைக்கும். தேடுங்கள்.

கேள்வி (திருச்சி): டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கிறது.

கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்பத் துடிக்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர்): அண்ணா, ஒரே இடத்துக் கதையை ஒரே ஷாட்டில் எடுப்பதுதான் நேர்மை. வெட்டினாலே அது ஏமாற்று வேலை ஆகிவிடாதா?

ஆகாது தம்பி. ஒரே ஷாட்டிலும் ஏமாற்றலாம். ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) ஒரே ஷாட் போலத் தோன்றும் 80 நிமிடப் படம். அன்றைய கேமராவில் 1000 அடிச் சுருள்தான் ஏறும். பத்து நிமிடச் சொச்சம் ஓடும். அதனால் ஒருவருடைய கோட்டின் முதுகில் கேமராவைக் கொண்டுபோய் முட்டி, இருட்டில் வெட்டை மறைத்தார்கள். பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது ஹிட்ச்காக்கே அதை ஒரு வெறும் வித்தை என்றுதான் சொன்னார். கெட்ட செய்தி வருகிறபோது, சொல்பவர் முகத்தைக் காட்டுவதா, கேட்பவர் முகத்தைக் காட்டுவதா என்ற முடிவில் பாதிப் பதற்றம் இருக்கிறது. வெட்டு அந்த முடிவை நொடிக் கணக்கில் உங்கள் கையில் கொடுக்கிறது.

அதே கோயம்புத்தூர் நண்பர்: நீங்கள் புகழ்ந்த 'மாத்ரே'யில் வீட்டுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒரே ஷாட்தானே?

நல்ல பிடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவளுக்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை. வெட்டு வந்தால், நடுவில் கொஞ்சம் நேரம் கழிந்திருக்கலாம் என்ற ஆறுதல் நமக்குக் கிடைத்துவிடும். அந்த ஆறுதலை மறுக்கத்தான் வெட்டவில்லை. உங்கள் கதையில் அப்படி ஒரு காரணம் இருக்கிறதா? சாத்துக்குடிப் படத்தை ஒரே ஷாட்டில் எடுத்திருந்தால் சுளை காய்ந்திருக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாடக நடிகை: நான் கோவை நண்பரின் பக்கம். துண்டு துண்டாக எடுத்தால் நடிகர் சேர்த்துவைத்த உணர்ச்சி ஒவ்வொரு 'கட்' சொல்லும்போதும் கொட்டிப்போகிறது. மேடையில் அப்படி இல்லை.

அம்மா, நீங்கள் சொல்வது முழு உண்மை. மருந்து இருக்கிறது. ஒவ்வொரு கோணத்திலும் காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் நடிக்க விடுங்கள். 12 நிமிடமானால் 12 நிமிடம். வெட்டு பிறகு என் மேசையில் நடக்கட்டும். நடிகருக்கு மேடை கிடைக்கும், எனக்கு வெட்டும் கிடைக்கும். வசனத்துக்கு வசனம் நிறுத்தி எடுத்த படங்களைத் தொகுக்கும்போது முகத்தில் சூடு ஏறியிருக்காது. அதை எந்தத் தொகுப்பாளராலும் ஏற்ற முடியாது.

கேள்வி (கரூர்): கைபேசியில் எடுக்கலாமா, கேமரா வாங்க வேண்டுமா?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சென்னை): தொலைபேசியில் பேசும் குரலை டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

படப்பிடிப்பின்போதே அடுத்த அறையிலிருந்து அந்த நடிகர் உண்மையாகவே அழைத்துப் பேசட்டும். 'லாக்' (Locke, 2013) என்ற ஆங்கிலப் படத்தில் டாம் ஹார்டி காருக்குள் இருக்க, மற்ற நடிகர்கள் ஓட்டல் அறையிலிருந்து அழைத்துப் பேசினார்கள். எதிர்முனையில் ஆள் இருந்தால்தான் காது கூர்மையாகும்; கேட்கிற முகம்தான் உங்கள் படம். காணாத ஆளைக் குரலாலேயே நிறுத்த முடியும் என்பதற்குப் பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7' (2019) இருக்கிறது. திரையில் ஒரே நடிகர், காவல் நிலையத்தில் மற்ற எல்லோரும் குரல் மட்டுமே. அந்தப் படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது.

கேள்வி (தஞ்சாவூர்): வீட்டில் எடுத்தோம். பின்னால் ஏதோ இரைச்சல்.

குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும். அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் மௌனத்தை என்னால் தொகுக்க முடியாது.

கேள்வி (பெங்களூரு): கடைசியில் வயலின் வைத்தால் உருக்கமாக இருக்கும் அல்லவா?

வயலினும் ஓர் அழுகைதான். அழ விடாதீர்கள் என்று ஈரோட்டுக்காரருக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். முதலில் இசையே இல்லாமல் வெட்டி முடியுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): எந்த கேமரா...

மூன்றாவது முறை இது. மேலே பார்க்கவும்.

கேள்வி (புதுச்சேரி): எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம்வரை குறும்படம். ஒற்றை அறைக்கு அதில் பாதியே நிறைய.

மறுபடி கோயம்புத்தூர்: சரி அண்ணா. ஒரே ஷாட்டிலும் எடுக்கிறேன், நீங்கள் சொன்னபடி மூன்று கோணங்களில் முழுக் காட்சியாகவும் எடுக்கிறேன். வெட்டித் தருவீர்களா?

தருகிறேன். எல்லா டேக்கையும் அனுப்புங்கள், தவறிப்போனவற்றையும் சேர்த்து. அறையின் அந்த ஒரு நிமிட வெறும் ஒலியையும் மறக்காதீர்கள்.