புதிய லாரி ஓட்டுநர் முதலில் சரிசெய்ய வேண்டியது எது?

கேள்வி: கனரக வாகன உரிமம் பெற்று, அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவருடன் சென்று பழகிய பின், அண்மையில்தான் தனியாக நீண்டதூர லாரி ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். பகலில் சரியாகத் தூங்க முடிவதில்லை. விடியற்காலையில் கண் சொருகுகிறது. மலை இறக்கமும் ரிவர்ஸ் எடுப்பதும் இன்னும் அச்சமூட்டுகின்றன. லோடு ஏற்றுமிடத்தில் ஏற்படும் தாமதத்தைச் சாலையில் ஈடுகட்டச் சொல்லி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. வீட்டாருடன் பேசவும் நேரம் அமைவதில்லை. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: தூக்கத்தை. இறக்கமும் ரிவர்ஸும் பழகப் பழகக் கைவந்துவிடும். தூக்கக் குறைவு மட்டும் பழகாது. பழகிவிட்டதாக ஓட்டுநருக்குத் தோன்றுமே தவிர, அவருடைய கவனமும் எதிர்வினையும் மந்தமாகிக்கொண்டேதான் போகும். நீங்கள் தனித்தனியாகக் குறிப்பிட்டுள்ள சிக்கல்களை இணைக்கும் ஒன்றும் உண்டு: இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு, ஓடும்போது காட்டும் சாமர்த்தியத்தைவிட, வண்டி நிற்கும்போதே எடுத்துவைக்கும் முடிவில்தான் இருக்கிறது.

உடலின் உள்கடிகாரம் அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் விழிப்பு நிலையை மிகவும் தாழ்த்துகிறது. பிற்பகலில் அதைவிடச் சிறிய சரிவு ஒன்று வருகிறது. இதற்கும் மனவுறுதிக்கும் தொடர்பில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதம் இருக்கும்போது காணப்படும் நிலைக்குக் குறைந்துவிடுவதாக 1997இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காலை 7 மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் லோடு ஏற்றுவதற்காகக் காத்திருந்துவிட்டு, இரவில் புறப்படுபவர் நள்ளிரவிலேயே அந்த நிலையை எட்டிவிடுகிறார். உடல் மிகவும் சோரும் நேரமோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எனவே, இரவு ஓட்டத்துக்கான ஆயத்தம் என்பது அன்று பிற்பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதே.

பகல் தூக்கம் கலைவதற்கு வெளிச்சமும் வெப்பமும் கைபேசியும்தான் பெரும்பாலும் காரணம். கேபினின் எல்லாக் கண்ணாடிகளுக்கும் தடித்த திரை போடுங்கள். நிழலில், லாரிகள் வந்து போகும் வழியிலிருந்து விலக்கி வண்டியை நிறுத்துங்கள். தூங்கும் நேரத்தை அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு மணியொலியை அணைத்துவிடுங்கள். தூங்குவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் காபி, தேநீர் வேண்டாம். சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைப்பவை. மருந்து வாங்கும்போதே, லாரி ஓட்டுபவர் என்பதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வழியில் கண் சொருகினால், நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டின் ஒலியைக் கூட்டுவது ஆகியவற்றின் பலன் சில நிமிடங்களே நீடிக்கும். 80 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. நான்கு விநாடி கண் மூடினால் ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாமலே லாரி ஓடியிருக்கும். கடந்த சில கிலோமீட்டர் எப்படிக் கழிந்தன என்பது நினைவில் இல்லாமல் போவதும், பெயர்ப்பலகையைத் தவறவிடுவதும், வண்டி சாலையின் ஓரக்கோட்டை நோக்கி ஒதுங்குவதும் கொட்டாவியைவிடத் தெளிவான எச்சரிக்கைகள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்குங்கள். காபி முழுமையாக வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்தவுடன் சாவியைத் திருப்பாமல், தூக்கக் கலக்கம் தெளிய கால் மணி நேரமாவது நடந்துவிட்டு ஏறுங்கள். ஆனால் இது அடுத்த நல்ல நிறுத்துமிடம் வரை கொண்டுசெல்லும் ஏற்பாடுதானே ஒழிய, இரவுத் தூக்கத்துக்கு மாற்று அல்ல.

ஓட்டும் நேரத்துக்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979இல் ஏற்ற 153ஆம் உடன்படிக்கை, தொடர்ச்சியாக 4 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டக்கூடாது என்றும், ஒரு நாளின் மொத்த ஓட்டம் 9 மணி நேரத்தையும் வாரத்தின் மொத்தம் 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்றும், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்றும் பொது வரம்பு வகுத்தது. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடத் தளர்வாக இருந்தாலும், புதியவர் இந்த அளவைத் தமக்குரிய மேல்வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து. போதுமான நேரம் தூங்கியும் சோர்வு தீரவில்லை, குறட்டையும் இருக்கிறது என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர்களிடையே அது அரிதன்று, சிகிச்சையும் உண்டு.

அடுத்தது இறக்கம். உங்கள் அச்சம் நியாயமானதே. இறக்கம் நெடுகிலும் பிரேக் மிதித்தே வேகத்தைக் கட்டுப்படுத்தினால், டிரம் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) சூடாகி விரிந்து, அதை அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் வெப்பத்தில் பிடிமானத்தை இழக்கும். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போயும் வண்டி அடங்காத நிலை இப்படித்தான் உருவாகிறது. ஆகவே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்க முயன்று, அது விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சினின் பிடி முழுவதும் போய்விடும். எக்ஸாஸ்ட் பிரேக்கையோ (எஞ்சின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) ரிடார்டரையோ (சக்கர பிரேக்கைப் பயன்படுத்தாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) முதன்மையாகக் கொண்டு, உங்களுக்கான பாதுகாப்பு வேகத்தை எட்டும்போது மட்டும் பிரேக்கை உறுதியாக மிதித்து, வேகம் 8 முதல் 10 கி.மீ. வரை குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். மீண்டும் அந்த வேகத்தை எட்டும்போது அதையே செய்யுங்கள். இடைப்பட்ட நேரத்தில் டிரம் ஆறும். மழையில் வழுக்கும் சாலையில் ரிடார்டர் பின்சக்கரங்களைச் சறுக்கவிடக்கூடும் என்பதால், அங்கே அதை அணைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்தே இன்னும் மெதுவாக இறங்க வேண்டும்.

சமதளத்திலும் ஏர் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு: மிதித்த பிறகு காற்று குழாய்களின் வழியே சென்று சக்கரத்தைப் பிடிக்க ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. 80 கி.மீ. வேகத்தில், ஆபத்தை உணர்ந்து கால் நகர்வதற்கான ஒன்றரை விநாடியையும் சேர்த்தால், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே 44 மீட்டர் கடந்துவிடும். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு விநாடி, 65 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் கூடுதலாக ஒரு விநாடி என்ற கணக்கில் முன்வண்டியிலிருந்து இடைவெளி விடுங்கள். 15 மீட்டர் வண்டிக்கு இது 6 விநாடி. அந்த இடைவெளியில் கார்கள் நுழைந்துகொண்டே இருக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். மீண்டும் பின்வாங்கி விட்டுக்கொடுப்பதால் முழுப் பயணத்திலும் இழப்பது சில நிமிடங்களே. காலி வண்டி எளிதில் நிற்கும் என்ற எண்ணமும் தவறு. சுமையில்லாத சக்கரங்கள் துள்ளி, பூட்டிக்கொண்டு சறுக்கும் என்பதால் காலி லாரி நிற்க அதிகத் தூரம் எடுத்துக்கொள்ளலாம்.

ரிவர்ஸைப் பொறுத்தவரை, இறங்கிப் பார்ப்பதை இழுக்காகக் கருதாத ஓட்டுநருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பின்னால் மட்டுமல்லாமல், மேலே தொங்கும் கம்பி, கூரை விளிம்பு, தரையின் சரிவு ஆகியவற்றையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். முடிந்தவரை ஓட்டுநர் இருக்கை இருக்கும் பக்கமாகவே வளைத்து எடுங்கள்; எதிர்ப்பக்கம் கண்ணாடியில் தெரியாத பரப்பு மிகப் பெரியது. வழிகாட்டும் ஆள் கண்ணிலிருந்து மறைந்தால் உடனே நிறுத்துங்கள்.

புறப்படும் முன் வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது புதியவர்கள் தவறவிடுபவை இரண்டு: வீல் நட்டைச் சுற்றிக் கசிந்தாற்போல் தெரியும் துருக்கோடு அது தளர்ந்திருப்பதைக் குறிக்கலாம், இரட்டைச் சக்கரங்களில் ஒன்றில் காற்று இறங்கியிருந்தால் மற்றொன்று இரண்டின் பாரத்தையும் சுமந்து சூடேறி வெடிக்கலாம்.

அலுவலக நெருக்கடிக்கு வருகிறேன். லோடு ஏற்றுமிடத்தில் போன நேரத்தைச் சாலையில் மீட்க முடியாது: வேகத்தை 60இலிருந்து 80க்கு உயர்த்தினால், மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது. வாக்குவாதம் செய்வதைவிட, வந்த நேரம், லோடு முடிந்த நேரம், சட்டப்படி ஓய்வெடுக்கும் இடம், எதிர்பார்க்கும் சேரும் நேரம் ஆகிய நான்கையும் புறப்படுவதற்கு முன்பே எழுத்துச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். பிறகு ஏதேனும் பிரச்சினை எழுந்தால் அந்தப் பதிவுதான் பேசும். அந்தச் செய்திக்குப் பிறகும் ஓய்வை விட்டுவிட்டு ஓட்டும்படி தொடர்ந்து வற்புறுத்தும் இடம் புதியவர் அனுபவம் சேர்ப்பதற்கு ஏற்றதல்ல. வேறு வேலை தேடத் தொடங்கலாம்.

ஓடும்போது வரும் அழைப்பை எடுக்க வேண்டாம். குறுஞ்செய்தியைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தி அனுப்பும் லாரி ஓட்டுநருக்கு விபத்தோ விபத்தை ஒட்டிய நிலையோ ஏற்படும் அபாயம் 23 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. வீட்டாருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்: நீங்கள் அழைக்கும் நேரத்தை இடைவேளைகளை ஒட்டி முடிவுசெய்து, புறப்படும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் தொடர்ந்து இருமுறை அழைக்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டால், மற்ற அழைப்புகளை வண்டி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.