கார் பேட்டரியில் வீடு ஓடுமா? கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இருந்துகொண்டு மண்டபம் முதல் தொண்டி வரை கூரை சோலார் மாட்டிக் கொடுப்பது என் தொழில். வீட்டில் மின்சார கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதன் பேட்டரியை வீட்டுக்கும் திருப்பலாமாமே என்று டீக்கடையில் தொடங்கி கல்யாண வீடு வரை கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். கணக்கெல்லாம் ஈபி பில்லில் வரும் அதே யூனிட்டில்தான்.

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணே, எங்கள் மாடியில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் இருக்கிறது. 2024 நவம்பர் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது, ஆனால் கரண்ட் இல்லை. கூரையும் சேர்ந்து தூங்கியது. காரை மாட்டி அதை எழுப்ப முடியுமா?

அந்த மழையை யார் மறப்பார்கள் அக்கா. நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

உங்கள் இன்வெர்ட்டர் பழுதாகி நிற்கவில்லை. ஈபி லைனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார்த்து, அந்தத் தாளத்துக்குத்தான் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஓடும். லைன் செத்தால் அதுவும் நின்றே ஆக வேண்டும். இல்லையென்றால் உங்கள் கூரை மின்சாரம் தெருவுக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை அடிக்கும்.

இப்போது காருக்கு வருவோம். வி-டு-எல், அதாவது கார் பேட்டரியிலிருந்து வெளியே சாதனங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் வசதி, உள்ள கார் சுமார் 3.3 கிலோவாட் வரை வீட்டுக்கரண்ட் மாதிரியே கொடுக்கும். அதைக் காட்டிக் கூரை இன்வெர்ட்டரை ஏமாற்றலாம் என்று சிலருக்கு யோசனை வருகிறது. எழுந்துவிடும்கூட. ஆனால் வீட்டில் 300 வாட் ஓடும்போது கூரையில் 2,500 வாட் வந்தால் மிச்சம் எங்கே போகும்? காருக்குள் திரும்பும். வி-டு-எல் கொடுக்க மட்டும் தெரிந்த சாதனம், வாங்கிக்கொள்ளத் தெரியாது. வோல்டேஜ் ஏறி இரண்டும் ட்ரிப் ஆனால் உங்கள் அதிர்ஷ்டம். ஆகாவிட்டால் காரின் சார்ஜர் பலியாகும்.

நேர்வழி இதுதான். ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை மாற்றி, பேட்டரியோடும் ஓடத் தெரிந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டு, 5 யூனிட் அளவில் ஒரு லித்தியம் பேட்டரியை வீட்டிலேயே வையுங்கள். கரண்ட் போனாலும் பகலில் கூரை வேலை செய்யும். இரண்டு மூன்று நாள் மேகம் மூடி பேட்டரி இறங்கினால், ஹைப்ரிட்டில் ஜெனரேட்டருக்கென்று இருக்கும் முனையில் காரைக் கொடுங்கள். கார் அந்தப் பேட்டரியை இரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும், அப்புறம் காரை அணைத்துவிடலாம். இரவு முழுக்க வி-டு-எல் ஓடவிட்டால் காரின் சொந்தக் கம்ப்யூட்டர்களும் விழித்திருக்கும். நூறு, இருநூறு வாட் சும்மா போகும். மூன்று ஃபேனுக்காகக் காரை எழுப்பி வைப்பது அதனால்தான் நஷ்டம்.

கீழக்கரையிலிருந்து: புயல் வந்தால் எத்தனை நாள் தாங்கும்? என் காரில் 45 யூனிட் பேட்டரி.

கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி ஃபேன் நான்கு, எல்.இ.டி விளக்கு ஆறு, ஃபிரிட்ஜ், இரவில் கொஞ்சம் டிவி, போன் சார்ஜ், அரை மணி நேரம் தண்ணீர் மோட்டார். கூட்டினால் நாளுக்கு 4 யூனிட் பக்கம் வரும். காரை 90 சதவீதத்தில் நிறுத்திவிட்டு 30 வரை மட்டும் இறக்குகிறீர்கள் என்றால் 27 யூனிட். மாற்றும்போது பத்தில் ஒன்று வீணாகும், கையில் வருவது 24. ஆறு நாள். இரவெல்லாம் ஏசி வேண்டும் என்றால் அதற்கு மட்டும் 6 யூனிட் போடுங்கள். ஆறு நாள் இரண்டரை நாளாகச் சுருங்கும்.

அந்தக் கடைசி 30 சதவீதத்தைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய இரவு புயலோடுதான் வரும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு 55 கிலோமீட்டர் இருக்கிறது. 30 சதவீதம் வைத்திருந்தால் வழியில் வெள்ளம் சுற்றிப் போனாலும் சேர்ந்துவிடலாம். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்த அன்றே சார்ஜ் போட்டுவிடுங்கள். காற்று தொடங்கியபின் கரண்ட் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இன்னொன்று, மோட்டார். 1 ஹெச்.பி என்றால் 750 வாட்தானே, 3.3 கிலோவாட் காருக்கு இதெல்லாம் தூசு என்று நானும் நினைத்தேன். கிளம்பும் நொடியில் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். முதல் மழையிலேயே என் கார் ட்ரிப் ஆகி, மேல்தொட்டி காய்ந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்ட பிறகு சரியானது. அது வேண்டாம் என்றால் புயலுக்கு முன்பே தொட்டியை நிரப்பிவிடுங்கள். செலவே இல்லை.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் செய்து, காரிலிருந்து ஹால் சாக்கெட்டில் மாட்டினால் வீடு முழுக்க எரிகிறது. பக்கத்து வீட்டில் செய்கிறார்கள். மெயினை அணைத்தால் போதும்தானே?

போதாது. அந்த வயரை இன்றைக்கே வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

ஒரு முனை காரில் இருக்கும்போது மறுமுனையின் பின்கள் மூடாமல் 230 வோல்ட்டோடு நிற்கும். சாக்கெட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தால் முதலில் எடுப்பது குழந்தைதான். அடுத்தது மெயின். அணைத்தோமா இல்லையா என்பது இருட்டில், மழையில், அவசரத்தில் மனிதனின் ஞாபகத்தை நம்பி இருக்கிறது. ஒருமுறை மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்வழியாகப் போய், மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி அறுந்த கம்பியைக் கையில் எடுக்கும் ஆள் நம் ஊர்ப் பையன்தான். ஈபி கரண்ட் திரும்பி வந்தால் அதுவும் காரோடு மோதும்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். ஈபி ஒரு பக்கம், கார் மறுபக்கம், நடுவில் ஆஃப். ஒரே நேரத்தில் இரண்டும் சேரவே முடியாது. டபுள் போல் ஆக இருக்கட்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் மாற வேண்டும். சில கார்களில் வி-டு-எல் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படி இருந்தால், கரண்ட் லீக் ஆனால் லைனை வெட்டவேண்டிய வீட்டு ஆர்.சி.சி.பி சுவிட்ச், லீக் வந்தாலும் விழாமல் போகலாம். அதை மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த லைசென்ஸ் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எர்த் குழியையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். நம் மணலில் ஜி.ஐ பைப் சில வருடங்களில் உப்பு அரித்துப் பெயருக்கு நிற்கும்.

மண்டபம் மீன் வியாபாரி ஒருவர்: விடிகாலை மூன்று மணிக்குப் போனால் பத்து மணிக்குள் வீடு. பகலெல்லாம் கார் வாசலில்தான். வெயிலைக் காரில் ஏற்றி இரவில் வீட்டுக்கு இறக்கினால் ஈபி பில்லே வராதே?

உங்கள் வேலை நேரம் சோலாருக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒன்பதுக்குக் கிளம்பி ஆறுக்குத் திரும்பும் ஆபீஸ்காரருக்கு இது வாய்க்காது. சூரியன் வீட்டில், கார் ஆபீசில்.

ஆனால் இரவில் இறக்க வேண்டாம் என்றே சொல்வேன். கூரையிலிருந்து காருக்கு ஏற்றும்போது ஒரு பங்கு, காரிலிருந்து வீட்டுக்கு இறக்கும்போது ஒரு பங்கு வீணாகும். பத்து யூனிட் போட்டால் எட்டு திரும்பும். நெட் மீட்டர் இருந்தால் பகலில் ஈபிக்குக் கொடுத்து இரவில் வாங்கிக் கழித்துக்கொள்ளலாம், அந்த இரண்டு யூனிட்டும் மிச்சம். ஈபியில் இலவச யூனிட் வேறு கிடைக்கிறது. 3 கிலோவாட் கூரை நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் தரும், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம். டீசல் போட்டு ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வெயிலைக் காரில் ஏற்றினால் ஓட்டித் தீர்ப்பதுதான் லாபம். வீட்டுக்கு இறக்குவதைக் கரண்ட் இல்லாத நாளுக்கு வையுங்கள்.

மீன் ஃப்ரீசர் வைத்திருப்பீர்கள். பகலில் அதன் காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஒரு நாள் தாங்கும். அதைவிட மலிவான பேட்டரியை நான் பார்த்ததில்லை.

ஏர்வாடியிலிருந்து: இதனால் கார் பேட்டரி சீக்கிரம் செத்துவிடாதா?

ரோட்டில் ஒரு ஓவர்டேக்குக்கு ஐம்பது, அறுபது கிலோவாட் இழுக்கிறீர்கள். வீடு இழுப்பது அரை கிலோவாட். பேட்டரிக்கு அது ஓய்வு மாதிரி. வருடத்தில் நாலைந்து மழைக்கு இறக்குவதை அது கணக்கில்கூட வைக்காது. தினம் செய்தால் வேறு கதை. கெடுப்பது வெயிலும், 100 சதவீதத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதும். ஓலைக் கொட்டகையாவது போடுங்கள். வாரண்டிக் கையேட்டில் வி-டு-எல் பற்றிய பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாலிநோக்கத்திலிருந்து: மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரில் மாட்டலாமா?

வேண்டாம். வோல்டேஜும் பொருந்தாது, உள்ளே பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ் சர்க்யூட்டும் ஒத்துக்கொள்ளாது, வாரண்டியும் போகும். காயலான் கடையில் கிடைக்கும் கார் பேட்டரி செல்களுக்கும் இதே பதில், இன்னும் கடுமையாக.

பாம்பனிலிருந்து: கடல் தண்ணீர் தெருவுக்குள் வந்தால் கார் என்ன ஆகும்?

யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். 1964-ல் தனுஷ்கோடியை அழித்தது காற்று மட்டும் இல்லை, கடலும்தான். மழைத் தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீர் பேட்டரிப் பெட்டிக்குள் போனால் அது கரண்ட் கடத்தும், காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கும். ஃபுளோரிடாவில் 2022-ல் இயான் புயலில் மூழ்கிய மின்சார கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன.

அதனால் கடல் ஏறும் எச்சரிக்கை வந்தால் வீட்டு விளக்கை மறந்துவிட்டுக் காரை மேட்டுக்குக் கொண்டு போங்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வி-டு-எல் பக்கமே போகாதீர்கள். இழுவை வண்டி வைத்து வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். அந்த இரவுக்கு வீட்டுக்குள் உயரத்தில் மாட்டிய அந்தச் சின்ன லித்தியம் பேட்டரிதான் துணை. கார் இருக்கிறதே, வீட்டு பேட்டரி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

கமுதியிலிருந்து: எங்கள் ஊரில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது. எங்களுக்கு ஏன் கரண்ட் போகிறது?

கடற்கரைக் கேள்வி இல்லை, ஆனாலும் நியாயமான வயிற்றெரிச்சல். அந்த மின்சாரம் பெரிய துணைமின் நிலையம் வழியாக மாநில கிரிட்டுக்குப் போகிறது. உங்கள் தெருவில் போவது 11 கேவி லைனும் அதன் மேல் சாய்ந்த வேப்பமரமும். கிளையை மழைக்கு முன்பே வெட்டச் சொல்லி ஈபியில் எழுதிக் கொடுங்கள்.

தொண்டியிலிருந்து: கார் வாங்கவில்லை. வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

வி-டு-எல் இருக்கிறதா, எந்த வேரியண்டில், எத்தனை கிலோவாட், எத்தனை சதவீதத்தில் தானே நிற்கும்படி வைக்கலாம். இந்த நான்கையும் கேளுங்கள். எல்லா மின்சார கார்களிலும் இது இல்லை. ஒரே மாடலில் மேல் வேரியண்டுக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. அடாப்டர் விலையில் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். நான் கேட்க மறந்து தனியாகக் காசு கொடுத்தேன். வாங்கியபின் அதை வாசலில் தொங்கவிடாதீர்கள். உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, அரிசி டிரம் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இருட்டில் அந்த இடம்தான் கைக்குத் தெரிகிறது.